நாயக் சாத்தையாவின் தாடி

மீசை இல்லாத பட்டாளத்துக்காரர்களைப் பார்க்க வேண்டுமென்றால் மாவிலங்கேந்தலுக்குத்தான் போக வேண்டும். பரமக்குடிக்குத் தெற்கே, சீமைக்கருவேலத்தைத் தவிர வேறெதுவும் ஒழுங்காக விளையாத அந்தப் பூமியில், வீட்டுக்கு ஒரு ஆள் பட்டாளத்துக்குப் போன அந்த ஊரில், பென்ஷனோடு திரும்பி வந்த பெரிய மனிதர்கள் அத்தனை பேருக்கும் மேலுதடு பச்சைப் பிள்ளையின் கன்னம்போல வழவழவென்று இருக்கும். கேட்டால், தண்ணீரில் உப்பு அதிகம், ரோமம் பிடிப்பதில்லை என்பார்கள். அதே தண்ணீரைக் குடிக்கிற பக்கத்து ஊர் நெடுங்குளத்தானுக்கு மீசை காதுவரைக்கும் போகிறதே என்று மறுபடி கேட்டால், வெற்றிலை துப்பப் போகிறவர்களைப் போல எழுந்து போய்விடுவார்கள். தண்ணீர் மேல் பழி போடுவது சுலபம், அது திருப்பிப் பேசாது.

அந்த ஊரில் ஒரு பட்டாளத்து மியூசியம் உண்டு. முன்பு பருத்தி மூட்டை அடுக்கிவைத்த குடோன் அது. முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தார் அதற்குச் சுண்ணாம்பு அடித்து, கண்ணாடிப் பெட்டிகள் செய்து, அவரவர் வீட்டுப் பரணில் கிடந்ததையெல்லாம் இறக்கிக்கொண்டுவந்து வைத்தார்கள். பர்மாச் சண்டைக்குப் போன யாரோ ஒருவருடைய ஒற்றை பூட்ஸ், குண்டு பட்டு நசுங்கி உயிரைக் காப்பாற்றிய தண்ணீர்க் குப்பி, பனியில் விரல் போனவரின் கையுறை, எந்த நாட்டுக் கொடி என்று யாருக்கும் தெரியாத ஒரு கிழிந்த கொடி. வீட்டில் இருந்தவரை எலி கடித்த சாமானெல்லாம் கண்ணாடிக்குள் போனதும் எவ்வளவு மரியாதையாகிவிட்டது என்று பெண்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். தங்கள் வீட்டு ஆண்களையும் அப்படி வைத்துவிட்டால் தேவலை என்று சிலர் சொல்லிச் சிரித்ததும் உண்டு.

கூடத்தின் நடுவில் பொம்மைகள் நின்றன. மதுரையில் இழுத்து மூடிய ஒரு ஜவுளிக்கடையிலிருந்து வாங்கிவந்த மாப்பிள்ளைப் பொம்மைகள். ரோஜாப்பூ நிறக் கன்னமும், பட்டுவேட்டிக்காகவே பிறந்ததுபோன்ற புன்னகையுமாக இருந்த அவற்றுக்கு மீசை வரைந்து, யூனிபாரம் மாட்டி, கையில் மரத்துப்பாக்கி கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். செத்துப்போன வீரர்களின் உடுப்பைப் போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்கு வந்தவர்களை வரவேற்பதுபோல அவை சிரித்துக்கொண்டே நிற்கும்.

அதில் ஒன்றுதான் நாயக் சாத்தையா.

சாத்தையா செத்தான் என்று யாரும் சொல்லவில்லை. வடக்கே, பனிமலையில், எல்லைக் காவலுக்குப் புறப்பட்ட ரோந்துப் படையில், நாயக் பதவியில் இருந்த அவன் கடைசி ஆளாக நடந்திருக்கிறான். பனிப்புயல் அடித்து ஓய்ந்தபோது மற்றவர்கள் இருந்தார்கள், அவன் இல்லை. காணவில்லை என்று பட்டாளம் சொன்னது. அவனுடைய கறுப்புத் தகரப் பெட்டியும் பச்சைக் கித்தான் பையும் மட்டும் ரயிலேறி ஊருக்கு வந்தன. அவன் பெண்டாட்டி பஞ்சவர்ணம் அந்தப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள், பூட்டைத் திறந்தாள், உடுப்பை எடுத்து உதறி வெயிலில் காயப்போட்டாள், மடித்து மறுபடி உள்ளே வைத்தாள். தாலியும் பொட்டும் வைத்த இடத்தில் இருந்தன. கரையான் பெட்டியைச் சுற்றி வர ஆரம்பித்த வருஷம்தான் உடுப்பை மியூசியத்துக்குக் கொடுக்கச் சம்மதித்தாள். அதற்கும் ஒரு நிபந்தனை வைத்தாள்: மாலை போடக் கூடாது, காணவில்லை என்றுதான் எழுத வேண்டும். அப்படியே எழுதினார்கள்.

எழுதியவர்களுக்கு அந்த வார்த்தை முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. ஏனென்றால் அடுத்த மஞ்சுவிரட்டில் நெடுங்குளத்தான் மைக்கைப் பிடித்து, "மாவிலங்கேந்தல் மாடு அவுத்துவிட்டாலும் ஓடாதப்பா, ஆளுதான் ஓடும்," என்றான். மைதானமே சிரித்தது. மாவிலங்கேந்தல் ஆண்கள், அப்போது அவர்களுக்கும் மீசை இருந்தது, அதைத் தடவிக்கொண்டு பல்லைக் கடித்தார்கள்.

சங்கத் தலைவர் சுபேதார் ராக்கப்பன் பட்டாளத்தை விட்டு வந்தபிறகும் பட்டாளம் அவரை விடவில்லை. தினமும் காலையில் மியூசியத்தைத் திறந்து, பொம்மைகளுக்கு இன்ஸ்பெக்‌ஷன் நடத்துவார். பொத்தான் மங்கியிருந்தால் துடைப்பார், பெல்ட் சரிந்திருந்தால் இறுக்குவார், எல்லாம் சரியாக இருந்தால் இன்னும் சத்தமாகத் திட்டுவார். தை மாதத்தில் ஒரு காலை சாத்தையாவின் முன்னால் வந்தவர் நின்றுவிட்டார். ரோஜாப்பூக் கன்னத்தில் தாடி முளைத்திருந்தது. அவர் அலறவில்லை, கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் இல்லை.

"யூனிபாரத்துல நின்னுக்கிட்டு ஷேவ் பண்ணாம இருக்கான் பாரு," என்றார், கூட வந்த, பட்டாளத்தில் பியூகிள் ஊதிய ஹவில்தார் லூர்துவிடம். "வயிரவனக் கூட்டிட்டு வாங்க."

வயிரவனுக்கு பஸ் ஸ்டாப்பில் சலூன். ஊரில் இழவு விழுந்தால் சடங்கு செய்துவைப்பதும் அவன்தான். பெட்டியைத் திறந்தவன் கையை உள்ளே விட்டபடியே நின்றான்.

"ஐயா, உசிரோட இருக்கவருக்கு ஒரு கத்தி, போய்ச் சேந்தவருக்கு வேற கத்தி. இவருக்கு எத எடுக்க?"

"இதென்ன கேள்வி? தாடி இருக்கு, எடு."

"தாடி இருக்கு சரி. ஆளு இருக்காரா?"

வயிரவன் புறங்கையைப் பொம்மையின் தாடையில் வைத்துப் பார்த்தான். காய்ச்சல் பார்ப்பதுபோல கொஞ்ச நேரம் வைத்திருந்தான். "சூடு இருக்கு," என்று சொல்லிவிட்டுச் சலூன் கத்தியை எடுத்தான்.

கண்மாயில் நூறு நாள் வேலையில் இருந்த பஞ்சவர்ணத்துக்குச் செய்தி போனது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு, காலெல்லாம் சேறாக, அவள் மியூசியத்துக்குள் வந்தபோது சாத்தையாவின் ஒரு கன்னம் மழித்தாகிவிட்டது, மறு கன்னத்தில் சோப்பு நுரை. அவள் அழுவாள் என்று எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். அவள் நுரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பச்சத் தண்ணியிலயா நனைச்சீக, வயிரவண்ணே? அவருக்கு ஆகாது. சுடுதண்ணி வேணும்," என்றாள்.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் ஒரு சொம்பு சுடுதண்ணீர் அவள் வீட்டிலிருந்து மியூசியத்துக்குப் போனது. வயிரவன் மழித்துக்கொண்டிருக்கும்போது அவள் முந்தானையை விரித்துத் தாடையின் கீழே பிடித்திருப்பாள். விழுந்த ரோமத்தையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோய், ரயிலேறி வந்த அந்தக் கித்தான் பைக்குள் போட்டு வைப்பாள்.

ஊருக்கு எதுவும் பழகிவிடும். கொஞ்ச நாளிலேயே சாத்தையாவின் தாடி, கண்மாயில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதைப் போல ஒரு விசாரிப்பாகிவிட்டது. டீக்கடையில் வயிரவன் வந்து உட்கார்ந்ததும், "இன்னைக்கு எப்படி இருக்கார் நாயக்கு?" என்று கேட்பார்கள், அவனும் சொல்வான். தாடியில் பனித்துகள் இருந்தது, கையில் எடுப்பதற்குள் உருகிவிட்டது. ஆட்டு மொச்சை வாடை அடிக்கிறது, ஆடு மேய்க்கிறார் போலிருக்கிறது. வைக்கோல் துரும்பு ஒட்டியிருந்தது, கொட்டிலில் படுக்கிறார். பேன் இருக்கிறது. புகை வாசம் வருகிறது, குளிர் காய்கிறார், அதுவரைக்கும் நல்லது. ஒருநாள் தாடைக்குக் கீழே, வயிரவன் கத்தி படாத இடத்தில், ஒரு வெட்டுக்காயம் இருந்தது. அன்றைக்கு ஊரில் பாதிப் பேர் சாப்பிடவில்லை. காயம் ஆறித் தழும்பாகும்வரை பஞ்சவர்ணம் தண்ணீரில் மஞ்சள் போட்டுக் கொண்டுவந்தாள். பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பிய தாய்மார்கள் வெளியூரிலிருந்தெல்லாம் வந்து பொம்மையின் முன் உட்கார்ந்து, தங்கள் பிள்ளையை எங்கேயாவது பார்த்தாயா என்று கேட்டுவிட்டு, பதில் வராமல், கொண்டுவந்த முறுக்கை அதன் காலடியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

வருஷங்கள் போயின. கறுப்பாக விழுந்த ரோமத்தில் வெள்ளை கலந்தது. பஞ்சவர்ணத்தின் தலையிலும் அந்த வருஷமே வெள்ளை கண்டது. "பரவால்ல, சேந்தே நரைக்கிறோம்," என்றாள் வயிரவனிடம், கல்யாணப் பெண்ணைப்போல வெட்கப்பட்டுக்கொண்டு.

ஒருநாள் காலையில் தாடி ஏற்கனவே வெட்டியிருந்தது. கத்தரியால், நிதானமாக, அக்கறையோடு வெட்டியிருந்தது. தன் கையால் வெட்டிக்கொண்டால் ஒருபக்கம் கோணும், இது கோணவில்லை. வயிரவன் வாயை மூடிக்கொண்டிருந்தாலும் செய்தி டீக்கடைக்குப் போய்விட்டது, அங்கே யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்று ஊர் கண்டுபிடித்துவிட்டது, அவள் சிவப்பு என்றுகூடச் சொல்லிவிட்டது. பஞ்சவர்ணம் சுடுதண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் சுடுதண்ணீரோடு வந்தாள். "யாரு வெட்டுனா என்ன, வெட்டிவிட ஒரு ஆளிருக்கே," என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு ஒரு ராத்திரி முழுக்கத் தேவைப்பட்டிருக்கிறது என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

ஆனால் அந்தக் கத்தரி வெட்டு நெடுங்குளம்வரைக்கும் போய்விட்டது. அடுத்த மஞ்சுவிரட்டில் மைக்கில் என்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுத முடியாது. ஓடிப்போனவன், எதிரி நாட்டில் குடித்தனம் நடத்துகிறவன் என்பதைத்தான் அவர்கள் பாட்டாகப் பாடினார்கள். அன்று மாலை சங்கத்தில் கூடிய ஆண்கள், மியூசியம் வாசலில் ஒரு கருங்கல் நடுவதென்றும், ஊரில் வீரமரணம் அடைந்தவர்கள் பெயரையெல்லாம் அதில் வெட்டுவதென்றும், பிரிகேடியரைக் கூப்பிட்டுத் திறப்பதென்றும் முடிவெடுத்தார்கள். பெயர்களில் சாத்தையாவும் இருந்தான்.

ராக்கப்பனே பஞ்சவர்ணத்தின் வீட்டுக்குப் போனார். அவர் கெட்ட மனிதர் இல்லை. தினமும் மழித்து முடிந்ததும் சாத்தையாவின் காலரைச் சரிசெய்து, "நல்லாருக்கேடா," என்று யாருக்கும் கேட்காமல் சொல்லிவிட்டுப் போகிறவர்தான்.

"காணலைன்னு கல்லுல வெட்ட முடியாது, ஆத்தா."

"அப்ப வெட்டாதீக, மாமா."

"நெடுங்குளத்தான் என்ன பேசுறான்னு ஒனக்குத் தெரியும்ல? தலை நிமிந்து நடக்க முடியல."

"அவன் வாய மூடுறதுக்கு என் தாலியத்தான் அடைக்கணுமா?"

அவர் தரையைப் பார்த்தார். "கல்லுல பேரு ஏறிட்டா அவனுக்குச் சாவே கிடையாது தாயி. ஊரு உள்ள மட்டும் இருப்பான்."

"சாவே இல்லாமப் போறதுக்கு முந்தி ஒருக்காச் சாகணுமாக்கும்?" பஞ்சவர்ணம் அடுப்பில் பானையைத் தூக்கி வைத்தாள். "அவருக்குத் தாடி வளருது மாமா. நாளைக்கும் நான் சுடுதண்ணி கொண்டாருவேன்."

காரைக்குடியிலிருந்து கல் வந்தது. பெண்பிள்ளை இன்றைக்கு அழுவாள், நாளைக்குப் பெருமைப்படுவாள் என்று சங்கம் தன்னையே சமாதானம் செய்துகொண்டது. கல்தச்சன் சாத்தையாவின் பெயரை வெட்டிய அன்று, வயிரவன் மட்டும் சலூனை மூடிவிட்டு ராக்கப்பனைத் தேடிப் போனான்.

"ஐயா, சூடு இருக்க ஆளுக்குச் சங்கு ஊதக் கூடாது."

"சங்கு யாரு ஊதப்போறா? பியூகிளு. அது மரியாதை."

"ஊதுறது எதுவா இருந்தாலும் போறவருக்குக் கேக்குமே ஐயா."

ராக்கப்பன் மீசையைத் தடவினார். ஊரிலேயே பெரிய மீசை அது. "போ, வேலையப் பாரு," என்றார்.

திறப்பு விழா அன்று கொடி கட்டினார்கள், பந்தல் போட்டார்கள், பழைய யூனிபாரத்தில் வயிறு அடங்காதவர்களெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தான் போட்டார்கள், மெடல்களைப் புளி போட்டுத் தேய்த்தார்கள், மீசைகளுக்கு எண்ணெய் தடவி முறுக்கினார்கள். முன்வரிசையில் பஞ்சவர்ணத்துக்கு ஒரு நாற்காலி போட்டு அதில் ஒரு புதுச் சேலையையும் வைத்திருந்தார்கள். நாற்காலி கடைசிவரை காலியாகவே இருந்தது. அவள் பந்தலைச் சுற்றிக்கொண்டு, மியூசியத்துக்குள், சாத்தையாவின் பக்கத்தில் போய் நின்றிருந்தாள். அன்றைக்கு வயிரவன் மழிக்க வரவில்லை. அவளே சுடுதண்ணீரைத் தொட்டுத் தொட்டுத் தாடியை நனைத்துக்கொண்டிருந்தாள். தாடி நன்றாக நரைத்திருந்தது. புகை வாசமும் ஆட்டு வாசமும் அடித்தது. அந்த வாசம் எந்த ஊரினுடையது என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது, ஆனால் அது அவள் வீட்டு வாசமாகி வெகுகாலம் ஆகியிருந்தது.

பிரிகேடியர் நல்ல மனிதர், ஒன்றும் தெரியாதவர். திரையை விலக்கினார். லூர்து பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் அத்தனை பேரும் விறைத்து சல்யூட் அடித்து, "வீரவணக்கம்!" என்று ஒரே குரலில் சொன்னார்கள். பர்மாவில் செத்தவருக்குச் சொன்னார்கள், பாலைவனத்தில் செத்தவருக்குச் சொன்னார்கள், பனியில் செத்தவருக்குச் சொன்னார்கள். நாயக் சாத்தையா என்று வாசித்ததும், ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, குரல் தயங்கியது. பிறகு மற்ற எல்லாவற்றையும்விடச் சத்தமாக, நெடுங்குளத்துக்குக் கேட்கிற மாதிரி, "வீரவணக்கம்!" என்றார்கள். லூர்து பியூகிளை உதட்டில் வைத்து ஊதினார். அந்த இசையைக் கேட்டால் அழாதவனும் அழுவான். எல்லோரும் அழுதார்கள், மனதாரத்தான் அழுதார்கள்.

உள்ளே பஞ்சவர்ணத்தின் விரலுக்கடியில் தாடை குளிர ஆரம்பித்தது. அவள் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள், சொம்பைத் தாடையோடு சேர்த்துப் பிடித்தாள், வாயால் ஊதினாள், தன் கன்னத்தைக் கொண்டுபோய் அதன் கன்னத்தில் வைத்துத் தேய்த்தாள். பியூகிளின் கடைசி நீட்டல் முடிந்தபோது அவள் கன்னத்தில் பட்டது வெறும் பொம்மை. தாடி ஒட்டவைத்ததைப்போல உதிர்ந்து, மொத்தமும் அவள் முந்தானையில் விழுந்தது. மாப்பிள்ளைப் பொம்மை பழையபடி சிரித்துக்கொண்டு நின்றது.

பிரிகேடியரின் ஜீப் போன பிறகு பந்தி ஆரம்பித்தது. ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தபோது பஞ்சவர்ணம் வந்தாள். தோளில் அந்தப் பச்சைக் கித்தான் பை. அத்தனை வருஷத்து ரோமமும் அடைந்து, ஒரு ஆள் முடங்கிப் படுத்திருக்கிற கனத்தில் இருந்தது அது. அடியில் கறுப்பு, நடுவில் கலப்பு, மேலே அன்றைக்கு உதிர்ந்த வெள்ளை. பையைப் பந்தியின் நடுவில், இலைகளுக்கு முன்னால் இறக்கிவைத்தாள். தாலியைக் கழற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அவளே கழற்றிப் பையின் கழுத்தில் சுற்றினாள்.

"பொணம் இல்லாம இத்தனை வருசம் இருந்துச்சு. இந்தா, கொண்டாந்துட்டேன்," என்றாள். குரல் உயரவில்லை. "எனக்குப் பிள்ளை இல்ல, கொள்ளி வைக்க. ஆனா கொள்ளி விழுந்துருச்சு. யாரு யாரு வெச்சீகன்னு உங்களுக்கே தெரியும். கொள்ளி வெச்சவுக மீசைய எடுக்கணும்ல? அதான மொற? வயிரவண்ணே, கத்திய எடுங்க."

கறிக்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவன் வாளியோடு அப்படியே நின்றான். ராக்கப்பன் எழுந்தார். மியூசியத்துக்குள் போனார். சாத்தையாவின் தாடையில் புறங்கையை வைத்துப் பார்த்தார். வெளியே வரும்போது தொப்பியைக் கையில் வைத்திருந்தார். பெட்டியோடு பந்தல் ஓரத்தில் வந்து நின்ற வயிரவன் முன்னால் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். வயிரவன் பெட்டிக்குள் கையை விட்டான். இந்தமுறை எந்தக் கத்தி என்று யாரையும் கேட்கவில்லை, இழவுக் கத்தியைத்தான் எடுத்தான்.

மாவிலங்கேந்தலின் மீசைகள் அன்றைக்கு விழுந்தன. சுபேதார் மீசை, ஹவில்தார் மீசை, முறுக்கு மீசை, தொங்கு மீசை, முன்தினம்தான் மை பூசிய மீசை, எதிரிக்குப் பயப்படாத மீசை, நெடுங்குளத்தானுக்குப் பயந்த மீசை. மெடல் குத்திய நெஞ்சோடு ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து, தலையையும் உதட்டையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். வயிரவன் பச்சைத் தண்ணீரில்தான் மழித்தான். பிறகு அவர்களே பையைப் பாடையில் வைத்து, தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். ரோமம் எரிகிற நாற்றம் ஊரைவிட்டுப் போகச் சித்திரை ஆனது. மீசைகள் திரும்ப முளைக்கவே இல்லை.

மறுநாள் விடிந்தபோது ராக்கப்பன் கல்லின் முன்னால் உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்திருந்தார். சாத்தையாவின் பெயரைச் செதுக்கி எடுத்துவிட்டால் தாடை மறுபடி சூடாகும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவராகவே நினைத்துக்கொண்டார். உளியைப் பெயரின் மேல் வைத்தபோது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. பஞ்சவர்ணம். பழக்க தோஷத்தில் தண்ணீரைச் சுடவைத்துச் சொம்பில் எடுத்துக்கொண்டு மியூசியம்வரை வந்துவிட்டவள், வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"விட்டுருங்க மாமா," என்றாள். "இப்பத்தான் அதுல எழுதியிருக்கது நெசம்."

அவர் உளியைக் கீழே வைத்தார். மொட்டைத் தலையோடு, மேலுதட்டில் கத்தி கீறிய இடத்தில் ரத்தம் கருகி ஒட்டியிருக்க, நிமிர்ந்து பார்த்தார். அவள் சொம்பை அவர் கையில் கொடுத்தாள்.

"கழுவிக்கங்க. சூடாத்தான் இருக்கு."